மூன்று நிமிடம் போக மீதி நேரம்: சிறுநீர்ப்பையை நரம்புகள் எப்படி ஆள்கின்றன?

ஒரு சின்னக் கணக்கு. ஆரோக்கியமான ஒருவர் ஒரு நாளில் ஆறேழு முறை சிறுநீர் கழிக்கிறார். ஒரு முறைக்கு இருபது, இருபத்தைந்து விநாடி ஆகலாம். எல்லாவற்றையும் கூட்டினாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டுவது அரிது. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். மீதி 1,437 நிமிடமும் சிறுநீர்ப்பைக்கு ஒரே வேலைதான்: பிடித்து வைப்பது. (அந்த இருபது விநாடி மனிதருக்கு மட்டும் உரியதல்ல. 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள், யானை உட்பட, நிரம்பிய பையைக் காலி செய்யச் சராசரியாக 21 விநாடி எடுத்துக்கொள்கின்றன என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பை பெரிதானால் குழாயும் நீண்டு அகலமாகிறது. ஓட்டத்தின் வேகம் கூடுகிறது.)

கழிவை வெளியேற்றும் உறுப்பு என்றே சிறுநீர்ப்பையைப் பள்ளியில் படித்தோம். நரம்புகளின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் படம் தலைகீழாகிவிடுகிறது. வெளியேற்றுவது எளிது, பிறந்த குழந்தைக்கே அது வருகிறது. ‘இப்போது வேண்டாம், இங்கே வேண்டாம்’ என்று நிறுத்தி வைக்கத்தான் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி முதல் தண்டுவடத்தின் கடைக்கோடி வரை இத்தனை ஏற்பாடு தேவைப்படுகிறது. படுக்கையை நனைக்கும் குழந்தை, பக்கவாதத்துக்குப் பின் அடக்க முடியாமல் தவிக்கும் முதியவர், முதுகுத்தண்டு அடிபட்டுச் சிறுநீரே வராமல் வயிறு உப்பிக் கிடக்கும் இளைஞர் என்று மூவரையும் புரிந்துகொள்ள இந்த ஒரு பார்வை போதும் என்பது என் எண்ணம்.

முதலில் பை எப்படி நிரம்புகிறது என்று பார்ப்போம். சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் சிறுநீரை உண்டாக்குகின்றன. அது சும்மா வழிந்து இறங்குவதில்லை. சிறுநீர் நாளங்களின் தசைச்சுவர் அலையலையாகச் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் பீச்சுகிறது; அதனால் படுத்துக் கிடந்தாலும் சிறுநீர் வந்து சேர்ந்துவிடும். நாளங்கள் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. பை நிரம்ப நிரம்பச் சுவரே அந்தச் சாய்வான பாதையை அமுக்கி மூடிவிடும். உள்ளே வந்த நீர் சிறுநீரகத்துக்குத் திரும்பி ஏறாமல் காப்பது இந்தச் சாய்வுதான்.

இனி ஆச்சரியமான விஷயம். பைக்குள் 50 மில்லிலிட்டர் இருக்கும்போதும் 400 மில்லிலிட்டர் இருக்கும்போதும் உள்ளழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், 10 செ.மீ. உயர நீர்த்தூணின் அழுத்தத்தை அது பெரும்பாலும் தாண்டுவதில்லை. எட்டு மடங்கு நீரை வாங்கிக்கொண்டும் அழுத்தம் ஏறாத பை. உள்தோலின் மடிப்புகள் விரிகின்றன. மேலடுக்குச் செல்கள் தமக்குள் சேமித்து வைத்திருக்கும் சவ்வை எடுத்து மேற்பரப்பில் சேர்த்துத் தம் பரப்பைப் பெருக்கிக்கொள்கின்றன. தசை இழைகள் நீண்டு கொடுக்கின்றன. இவை பையின் சொந்தத் திறமைகள். இவற்றின் மேல் நரம்பின் கட்டளையும் சேர்கிறது: ‘இளகு, இன்னும் இளகு.’ சேமிப்பு நேரத்தில் அழுத்தம் ஏறுவது வெறும் அசௌகரியம் அல்ல. நரம்புக் கோளாறால் அது 40 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு மேலேயே நின்றுவிட்டால், பின்னுக்குத் தள்ளப்படும் அழுத்தம் காலப்போக்கில் சிறுநீரகங்களையே கெடுக்கும். சிறுநீர்ப்பை மருத்துவர்கள் இந்த எண்ணை ஓர் எச்சரிக்கைக் கோடாகவே வைத்திருக்கிறார்கள்.

கட்டளைகள் மூன்று நரம்பு வழிகளில் வருகின்றன. சிறுநீர்ப்பையின் தசைக்கு டிட்ரூசர் என்று பெயர். நம் இச்சைக்குக் கட்டுப்படாத தசை. பையின் கழுத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அதுவும் இச்சைக்கு அப்பாற்பட்டது. அதற்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயான புறவழியைச் சுற்றி, இடுப்புத்தளத் தசைகளோடு சேர்ந்து இன்னொரு சுருக்குத்தசை. இந்த வெளிச் சுருக்குத்தசை மட்டும் கை கால் தசைகளைப் போல நாம் சொன்னதைக் கேட்கும்.

முதுகின் நடுப்பகுதிக்குக் கீழே, தண்டுவடத்தின் டி-11 முதல் எல்-2 வரையான பகுதியிலிருந்து (எழுத்தும் எண்ணும் தண்டுவடத்தின் அடுக்குகளைக் குறிப்பவை) பரிவு நரம்புகள், நம் இச்சையின்றி இயங்கும் நரம்புகளில் ஒரு வகை, புறப்படுகின்றன. அவை விடுவிக்கும் நார்அட்ரினலின் டிட்ரூசரிலுள்ள பீட்டா-3 ஏற்பிகளில் (வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் செல் புரதங்கள்) ஒட்டும்போது தசை இளகுகிறது. அதே வேதிப்பொருள் பைக்கழுத்திலுள்ள ஆல்பா-1 ஏற்பிகளில் ஒட்டும்போது கழுத்து இறுகுகிறது. ஒரே சுரப்பு, இரண்டு இடத்தில் இரண்டு விளைவு, இரண்டுமே பிடித்து வைப்பதற்காக. தண்டுவடத்தின் அடிமுனையில் எஸ்-2 முதல் எஸ்-4 வரையான பகுதியிலிருந்து எதிர்ப்பரிவு நரம்புகள் வருகின்றன. இவை வெளியிடும் அசிட்டைல்கோலின், முக்கியமாக எம்-3 ஏற்பிகள் வழியாக, டிட்ரூசரைச் சுருங்க வைக்கிறது. விடுவிக்கும் வழி இது. மூன்றாவது, புடெண்டல் நரம்பு. அதுவும் எஸ்-2 முதல் எஸ்-4 வரையான பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது, ஆனால் போய்ச் சேருவது வெளிச் சுருக்குத்தசைக்கு. மூன்றில் இரண்டு பிடிப்பதற்கு, ஒன்றுதான் விடுவதற்கு.

அந்தப் புடெண்டல் நரம்பின் செல்கள் தண்டுவடத்தில் தனிக் கூட்டமாக இருக்கின்றன. 1899இல் அதை விவரித்தவரின் பெயரால் ஓனுஃப் உட்கரு என்று அழைக்கிறார்கள். கை கால்களை முடக்கிப்போடும் போலியோவும், தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயும் பொதுவாக இந்தக் கூட்டத்தை விட்டுவைக்கின்றன. எல்லாத் தசையும் ஓயும்போதும் சிறுநீரை அடக்கும் திறன் பெரும்பாலும் நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, பல மண்டலச் சிதைவு எனும் மூளை நோய் இந்தச் செல்களைக் குறிவைத்து அழிக்கும். பார்க்கின்சன் நோய் போலவே தோன்றும் அந்த நோயை அடையாளம் காண, தொடக்கத்திலேயே வரும் கடுமையான சிறுநீர்த் தொல்லையும் ஒரு துப்பு.

பை நிரம்பியிருப்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது? சுவர் விரியும்போது மெல்லிய உறை போர்த்திய ஏ-டெல்டா நரம்பிழைகள் விரிவின் அளவைத் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. உறையில்லாத சி-இழைகளும் அங்கே உண்டு. வழக்கமாக அவை மௌனமாக இருக்கும், அழற்சியும் கிருமித்தொற்றும் வந்தால் விழித்துக்கொள்ளும். நீர்க்கடுப்பு வந்தவருக்குப் பையில் சில துளிகளே இருந்தாலும் முட்டிக்கொண்டு வருவது இப்படித்தான். உள்தோலும் வெறும் உறையாக இருந்துவிடுவதில்லை, விரியும்போது ஏ.டி.பி. என்ற வேதிப்பொருளை வெளியிட்டு அடியிலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது.

இந்த உணர்வின் அடித்தளத்தில் பீசோ-2 என்ற புரதம் இருப்பது 2020இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. தொடுதலையும் அழுத்தத்தையும் மின்சமிக்ஞையாக மாற்றும் பீசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் அடுத்த ஆண்டே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே பீசோ-2 செயல்படாத சிலர் உலகில் இருக்கிறார்கள். பை நிரம்புவது அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. அதனால் பலர் மணி பார்த்துக் கழிப்பறைக்குப் போகிறார்கள், சிலர் அடிவயிற்றை அமுக்கித்தான் சிறுநீரை வெளியேற்றுகிறார்கள். நாம் கவனிக்காமலேயே நம்பியிருக்கும் ஓர் உணர்வு இல்லாமற்போனால் வாழ்க்கை என்ன ஆகும் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பைக்குள் 150, 200 மில்லிலிட்டர் சேரும்போது பெரியவர்களுக்கு முதல் உணர்வு எட்டும். 400, 500 நெருங்கும்போது தள்ளிப்போட மனம் வராது. இடைப்பட்ட நேரம் முழுவதும், நமக்குத் தெரியாமலே, விரியும் சுவரிலிருந்து வரும் சமிக்ஞை தண்டுவடத்திலேயே ஒரு சுற்று சுற்றிப் பரிவு நரம்பையும் புடெண்டல் நரம்பையும் இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்கிறது. இதற்குக் காவல் அனிச்சை என்று பெயர். இருமும்போதும் கனமான பொருளைத் தூக்கும்போதும் வெளிச் சுருக்குத்தசை தானே இறுகிக்கொள்வதும் இதே காவலின் உடனடி வடிவம்.

அந்தக் காவலை யார் விலக்குவது? 1925இல் ஃபிரெடெரிக் பாரிங்டன் பூனைகளிடம் செய்த சோதனைகளில், மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் ஒரு சிறு இடம் அழிந்தால் சிறுநீர் வெளியேறாமல் தேங்குவதைக் கண்டார். அதை இன்று பாரிங்டன் உட்கரு என்றும் பான்ஸ் சிறுநீர் மையம் என்றும் அழைக்கிறார்கள். அது ஒரு மின்விசைபோல: ஒன்று அணைந்திருக்கும், அல்லது எரியும், நடு நிலை கிடையாது. தண்டுவடம் வழியே மேலேறும் நிரம்பல் செய்தி நடுமூளையின் சாம்பல்நிறப் பகுதியில் சேர்கிறது. அங்கிருந்து அது மேலே, உடலின் உள்ளுணர்வுகளைக் கவனிக்கும் இன்சுலா என்ற மூளைப் பகுதிக்கும், நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைக்கும் தெரிவிக்கப்படுகிறது. ‘முட்டுது’ என்று நாம் உணர்வது அந்த இடத்தில். இடம் சரியா, நேரம் சரியா, கதவு தாழிட்டிருக்கிறதா என்றெல்லாம் எடைபோட்டு முன்மூளை சம்மதிக்கும்வரை நடுமூளை அந்த விசையைத் தட்டாது.

1997இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை மனித மூளையிலேயே படமெடுத்தார்கள். மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி சிறுநீர் கழிக்குமாறு 17 ஆண்களைக் கேட்டார்கள். 10 பேரால் முடிந்தது. பான்ஸில் பாரிங்டன் சொன்ன இடத்துக்கு இணையான பகுதி ஒளிர்ந்தது. மற்ற 7 பேருக்கு, பை நிரம்பியிருந்தும், எவ்வளவு முயன்றும் வரவில்லை. அவர்களிடம் பான்ஸிலேயே வேறோர் இடம், பிடித்து வைப்பதோடு தொடர்புடைய இடம், ஒளிர்ந்தது. பக்கத்தில் ஆள் நின்றால் பலருக்குச் சிறுநீர் வராததன் உடற்கூறு இதுவாக இருக்கலாம். அது கூச்சம்தான், ஆனால் அந்தக் கூச்சம் மூளைத்தண்டு வரை இறங்கி வேலை செய்வதுபோலத் தெரிகிறது.

சம்மதம் கிடைத்ததும் நடப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் இளகுவது வெளிச் சுருக்குத்தசையும் இடுப்புத்தளமும். பரிவு நரம்பின் பிடி தளர்ந்து பைக்கழுத்து திறக்கிறது. அதன் பிறகே எதிர்ப்பரிவு நரம்பு டிட்ரூசரைச் சுருக்குகிறது. கதவு திறந்த பின் தள்ளுவதால் குறைந்த அழுத்தமே போதுமானதாகிறது. புறவழியில் நீர் ஓடும் உணர்வே பையின் சுருக்கத்துக்கு இன்னும் வலுவூட்டிக் கடைசித் துளி வரை காலியாக்க உதவுகிறது. முக்கித் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. தினமும் முக்கித்தான் ஒருவருக்குச் சிறுநீர் வருகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்வது நல்லது.

குழந்தை பிறக்கும்போது இந்தச் சங்கிலியின் மேல்முனை இன்னும் தயாராகவில்லை. பை நிரம்பும், அனிச்சையாகக் காலியாகும். இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் முன்மூளையின் வழிகள் முதிர முதிர, நிரம்பும் உணர்வு புரிகிறது, பிறகு தள்ளிப்போடும் திறன் வருகிறது. பகலில் வந்த இந்தத் திறன் இரவிலும் வர இன்னும் காலம் பிடிக்கும். ஐந்து வயதில் ஏறத்தாழ 15 சதவீதக் குழந்தைகள் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். தூக்கத்தில் நிரம்பிய பையின் செய்தி மூளையை எழுப்பாமல் போவது, சிறுநீரைச் சுருக்கும் வாசோபிரெசின் சுரப்பு இரவில் போதிய அளவு கூடாதது, பையின் கொள்ளளவு சிறிதாக இருப்பது எனக் காரணங்கள் கலந்து கிடக்கும். பரம்பரையின் பங்கும் பெரிது. பெற்றோர் இருவருக்குமே சிறுவயதில் இருந்திருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நான்கில் மூன்று. இந்தக் குழந்தையை அடிப்பதும் மற்றவர் முன் சொல்லிக் காட்டுவதும் கொடுமை. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு நரம்பு வழிக்குத் தண்டனை கொடுத்து என்ன ஆகப்போகிறது?

வளர்ந்த பிறகு இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்பதைப் பொறுத்துத் தொல்லையின் முகம் மாறுகிறது. மேலே, முன்மூளையில் அடிபட்டால் விசை நன்றாகவே வேலை செய்யும். அதைத் தடுத்து வைத்திருந்த சம்மதம் காணாமல் போகும். பக்கவாதம், மூளைக்கட்டி, முதுமை மறதி நோய்களில் திடீரென்று முட்டி, கழிப்பறை வரை போவதற்குள் போய்விடுவது இதனால்தான். 1964இல் ஆண்ட்ரூ, நேதன் என்ற இரு மருத்துவர்கள் முன்மூளையில் பாதிப்புள்ள நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அந்த நோயாளிகள் அக்கறையற்றவர்களாக இருக்கவில்லை. நடந்ததை நினைத்துக் கூசிக் குறுகினார்கள், ஆனால் அடக்க மட்டும் முடியவில்லை. ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்று வீட்டு முதியவரைச் சந்தேகிக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

நடுவே, தண்டுவடத்தில் அடிபட்டால் கதை வேறு. முதல் சில வாரங்கள் பை முற்றிலும் செயலற்றுக் கிடக்கும், நீரடைப்பு. பிறகு, மௌனமாக இருந்த சி-இழைகள் தண்டுவடத்தின் அடிப்பகுதியோடு புதிய அனிச்சை ஒன்றை உண்டாக்கிக்கொள்ள, பை தன்போக்கில் சுருங்கத் தொடங்கும். பான்ஸின் ஒழுங்குபடுத்தல் கீழே எட்டாததால் டிட்ரூசர் சுருங்கும் அதே நேரத்தில் சுருக்குத்தசையும் இறுகிவிடும். மூடிய கதவின் மேல் முட்டி மோதும் அழுத்தம், முன்பு சொன்ன அந்த 40 செ.மீ. கோட்டைத் தாண்டிச் சிறுநீரகத்தைத் தாக்கும். முதுகுத்தண்டு காயம் பட்டவர்களை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதிகம் பலிகொண்டவற்றில் சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்று. அதை மாற்றிய பெரிய திருப்பங்களில் ஒன்று, 1972இல் ஜாக் லாபிடஸ் முன்வைத்த எளிய முறை: நோயாளியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான கையோடு, மெல்லிய குழாயைச் செலுத்திப் பையைக் காலி செய்துகொள்வது. முழுக் கிருமிநீக்கம் இல்லாமலா என்று அன்று பலர் தயங்கினார்கள். அவர் தெளிவாகச் சொன்னார்: அளவுக்கு மீறி விரிந்த பையில் ரத்த ஓட்டம் குறைகிறது, தேங்குவதுதான் தொற்றுக்கு வழிவிடுகிறது, நேரத்துக்குக் காலியாகும் பை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். எண்ணற்ற உயிர்களைக் காத்த கண்டுபிடிப்பாக நான் மதிப்பது இதை.

கீழே, பைக்குப் போகும் நரம்புகளே கெட்டால், உணர்வும் சுருக்கமும் இரண்டும் மங்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் இது மெதுவாக வரும். முட்டும் உணர்வு குறையும், போகும் இடைவெளி நீளும், முழுதாகக் காலியாகாமல் மிச்சம் நிற்கும். தொல்லை இல்லையே என்று நோயாளி நினைத்துக்கொண்டிருப்பதுதான் இதில் ஆபத்து. இதே இடத்தில் திடீரென நேரும் ஒன்றும் உண்டு: முதுகெலும்பு வட்டு பெரிதாகப் பிதுங்கி அடிப்புற நரம்புக் கற்றையை நசுக்குவது. கடும் இடுப்புவலியோடு, உட்காருமிடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் வராதது அல்லது வருவதே தெரியாதது என்று தோன்றினால், நாளை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துகளும் இந்த நரம்பு வரைபடத்தில்தான் நடக்கின்றன. ஆக்சிபியூட்டினின், சோலிஃபெனசின் போன்றவை அசிட்டைல்கோலினின் ஏற்பிகளை அடைத்து டிட்ரூசரை அமைதிப்படுத்தும். வாய் உலர்வதும் மலச்சிக்கலும் அதே அடைப்பின் பக்கவிளைவுகள், முதியவர்களிடம் குழப்பமும் வரலாம். மிராபெக்ரான் பீட்டா-3 ஏற்பியைத் தூண்டும், அதாவது பிடிக்கும் நரம்பின் பக்கம் நிற்கும். பெரிதான புராஸ்டேட் உள்ள ஆண்களுக்குத் தரப்படும் டாம்சுலோசின் ஆல்பா-1 ஏற்பியை அடைத்துக் கழுத்தைத் தளர்த்தும். அதே ஆண்கள் சளிக்கென்று சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையை விழுங்கினால் கழுத்து மேலும் இறுகி, ஒரே இரவில் நீரடைப்பு வரலாம். மூக்கடைப்பைப் போக்கும் மருந்து பையை அடைத்துவிடும்.

மருந்தைவிட என்னை அதிகம் ஈர்ப்பது பயிற்சிதான். வீட்டு வாசலில் சாவியைத் துளையில் போட்டதும், குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் முட்டிக்கொண்டு வருவதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். முன்மூளை பழக்கத்தால் தன் சம்மதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தாலேயே பெருமளவு மாற்றலாம். மூன்று நாளுக்குப் போன நேரத்தையும் அளவையும் குறித்து வைத்து, இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடமாக வாரக்கணக்கில் நீட்டுவது மருத்துவர்கள் முதலில் சொல்லும் வழி. திடீர் முட்டல் வரும்போது ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, இடுப்புத்தளத் தசையை விரைவாக ஐந்தாறு முறை இறுக்கி விட வேண்டும். புடெண்டல் நரம்பு விழித்தால் தண்டுவடத்தில் எதிர்ப்பரிவு நரம்பின் கை தாழும். டிட்ரூசரின் சுருக்கம் அலைபோல் ஏறி இறங்கிவிடும். அது இறங்கிய பிறகு, நிதானமாக நடந்து கழிப்பறைக்குப் போகலாம்.